சிவப்பு மை வட்டம்

அத்தியாயம் பதினேழு

மாடி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு லோகா பத்து நாளா யாருகிட்ட போன்ல பேசுதான்னு போன வாரம் பூரா என்னைக் கேட்டுத் தொளைச்சவங்களுக்கு இந்த வாரம் பதில் சொல்லிருதேன். நீங்க நெனைச்ச மாதிரி ராயகிரியில இருக்க அவ புருஷன்கிட்ட இல்ல. வேற எவன்கிட்டயும் இல்ல. அப்படி இருந்திருந்தாக்கூட ரெண்டு ஏச்சு ஏசிட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.

அவ எழுபது பொம்பளைங்களுக்குப் போன் போட்டுட்டு இருந்திருக்கா. ஒவ்வொருத்திகிட்டயும் ஒரே கேள்வி.

இருங்க, நான் பாட்டுக்குக் கொட்டிட்டுப் போனா இன்னைக்குப் புதுசா வாசிக்கவங்க முழிப்பாங்க. லோகான்னா லோகநாயகி, என் வீட்டுக்காரரோட ஒரே தங்கச்சி. என் வீட்டுக்காரர் கோமதிசங்கர், தென்காசியில நல்லா ஓடிட்டிருந்த மருந்துக்கடைய என் தம்பி கையில குடுத்துட்டு, இலஞ்சியைச் சுத்திப் பதினெட்டு ஊர்ல பொறக்க பச்சப்புள்ளைங்களை வீடு தேடிப் போய்ப் பாக்கதுக்குன்னு நாலு வருஷமா ஒரு டிரஸ்ட் நடத்துதாக. நான் முத்துவடிவு. வீடு வீடாப் போற பன்னெண்டு பொம்பளைங்களுக்கும் நான்தான் சூப்பர்வைசர். பேரு பெருசா இருக்கேன்னு பாக்காதீங்க, மழையில நனையுதது எல்லாருக்கும் ஒண்ணுதான்.

லோகாவுக்கு வேற வேலை. வெளிநாட்டுல இருக்க ஒரு ஃபவுண்டேஷனுக்கு வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல பாக்கா. உலகத்துல எந்த ஊர்ல எந்த வைத்தியத்துக்குப் பணம் குடுத்தா, குறைஞ்ச செலவுல நிறைய உசுரு பிழைக்கும்னு பாத்துச் சொல்லணும். கொசுவலையா, தடுப்பூசியா, வயித்தாலபோற புள்ளைக்கு உப்புச் சர்க்கரைப் பொடியான்னு ஒண்ணோட ஒண்ணை வச்சுப் பாப்பா. மொதல்ல கேட்டப்ப, "உசுரைப் போயி கத்திரிக்கா மாதிரி வெல பாக்கியேட்டி"ன்னு ஏசினேன். "பாக்காமக் குடுத்தா கொஞ்சம் புள்ளைங்க பிழைக்கும் மதினி, பாத்துக் குடுத்தா நிறையப் பிழைக்கும்"னா. 

அந்த ஃபவுண்டேஷன்தான் எங்க டிரஸ்டுக்கும் பணம் குடுக்கலாமான்னு ஆறு மாசமாப் பாத்துட்டு இருந்துது. அண்ணன் டிரஸ்டுங்கதால தான் இதைத் தொடமாட்டேன்னு லோகா எழுதிக் குடுத்துட்டா. அதீபான்னு வேற ஒரு பொண்ணு பாத்தா. எங்க கணக்கு அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பிடிக்காதா பின்ன? டிரஸ்ட் ஆரம்பிக்கதுக்கு முந்தி ரெண்டு வருஷத்துல, பதினெட்டு ஊர்லயும் ஒரு வயசுக்குள்ள செத்த புள்ளைங்க பதினாறு. கடைசி ரெண்டு வருஷத்துல ஆறு. ஜில்லா பூரா நடத்துங்கன்னு அஞ்சு வருஷத்துக்குப் பணம் வரப்போகுதுன்னு பேச்சு. கடைசியா ஒருதரம் நேர்ல பாத்துட்டுப் போக அதீபா வந்த நாள்தான் இது.

காலையில அஞ்சரைக்கே என் வீட்டுக்காரர் குளிச்சு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிக்கிட்டு, பொதிகை எக்ஸ்பிரஸ் எங்க வருதுன்னு போன்ல நாலு தடவை பாத்தாச்சு. வெளிய சாரல் பிசுபிசுன்னு விழுந்துட்டு இருந்துது.

"வடிவு, பொண்ணு கடையநல்லூர்க்காரி, பாய் வீட்டுப் பிள்ளையாம். சாம்பார் சாதம் போட்டா நல்லாவா இருக்கும்? கறி எடுத்துரட்டா?"

"ஆபீஸ் வேலையா வருத பிள்ளைக்கு விருந்தா வைக்கப் போறீங்க? போய் ரயில்ல இருந்து பத்திரமாக் கூட்டிட்டு வாங்க."

சிரிச்சுக்கிட்டே வண்டி சாவிய எடுத்தாக. அவுக அப்படிச் சிரிச்சு வருஷக்கணக்காச்சு. அந்தச் சிரிப்பைப் பாத்த கையோடதான் மாடிக்குக் காபி கொண்டுபோனேன்.

லோகா தரையில உக்காந்திருந்தா. சுத்தி எங்க ரெஜிஸ்டர் முப்பத்தாறு. ஆபீஸ்ல இருந்து ஆள் வருதே, பழுப்புத் தாள்ல அட்டை போட்டு வையின்னு பத்து நாளைக்கு முந்தி நான்தான் அவகிட்ட குடுத்தேன். புத்திகெட்ட சிறுக்கி நான். அட்டையை மட்டும் போட்டுட்டு மூடி வைக்க ஆளா அவ?

"மதினி, கதவைச் சாத்திட்டு உக்காருங்க."

உக்காந்தேன்.

"இந்தச் சிவப்பு வட்டம் எதுக்குப் போடுதீங்க?"

"இது தெரியாதா ஒனக்கு? தாய்வீட்டுக்குப் போனவ பேரைச் சுத்திப் போடுதது. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு அனுப்பிருவாங்க. அப்புறம் அவ நம்ம ஊர்லயே இல்ல, எப்படிப் போய்ப் பாக்க? அதான் கணக்குல இருந்து எடுத்துருவோம். மூணாம் மாசம் புள்ளையோட வந்ததும் புதுப் பக்கத்துல ஏத்திருவோம்."

"புள்ளையோட வந்தா ஏத்துவீங்க."

"ஆமா."

"புள்ளை இல்லாம வந்தா?"

நான் டம்ளரைக் கீழ வச்சேன்.

புள்ளை இல்லாமத் திரும்பி வந்தவ வாசல்ல போயி நோட்டை விரிச்சுட்டு எவளாவது நிப்பாளா? எங்க பொம்பளைங்க அப்படிப்பட்டவளுவ இல்ல. பாத்தும் பாக்காத மாதிரி அடுத்த வீட்டுக்குப் போயிருவாளுவ. அவ மனசு நோகக்கூடாதுன்னு நானே அப்படித்தான் சொல்லிக் குடுத்திருந்தேன். நல்லது செய்யுதோம்னு நெனைச்சுத்தான் சொன்னேன்.

"ரெண்டு வருஷத்துல முந்நூத்தி எண்பது வட்டம்," லோகா சொன்னா. "அதுல முந்நூத்திப் பத்துப் பேரு புள்ளையோட வந்துட்டாங்க, புதுப் பக்கம் இருக்கு. மிச்சம் எழுபது பேருக்குப் பக்கமே இல்ல."

"திருப்பூர், கோயமுத்தூர்னு புருஷன் வேலைக்குப் போயிருப்பாளுவ."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். பாதிக்கு மேல அப்படித்தான். ஆனா நீங்க டிரஸ்ட் ஆரம்பிக்கதுக்கு முந்தி சர்வே எடுத்தப்ப, ஒவ்வொரு தாய்கிட்டயும் நேராக் கேட்டீங்க. புள்ளை எங்க பொறந்துது, எங்க செத்துதுன்னு பாக்காம எல்லாத்தையும் எழுதினீங்க. அது பதினாறு. இந்த ஆறு, வட்டத்துக்குள்ள இருக்கவங்களை விட்டுட்டு எண்ணுன ஆறு."

"எழுபது பேரையும் கூப்பிட்டியா?"

"ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேருக்கு மேல பேச முடியல மதினி. ஏழு பேரு போனே எடுக்கல."

"எத்தனை?"

"எட்டு."

ஆறும் எட்டும் பதினாலு. இதைக் கூட்டதுக்குக் கம்ப்யூட்டரு வேண்டாம். 

"ரெண்டு குறைஞ்சதுக்காகவா நாலு வருஷம் நாயா அலைஞ்சோம்?"

"ரெண்டுன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. இத்தனை சின்ன எண்ணிக்கையில ரெண்டு கூடுததும் குறையுததும் தானாவே நடக்கும்." அவ ஒரு நோட்டைப் பிரிச்சு வச்சா. "தலைப்பிரசவம் பூரா தாய்வீட்டுல. புள்ளைங்க சாகது முக்காவாசி மொத வாரத்துல. நம்ம ஆளுங்க தராசைத் தூக்கிட்டுப் போய்ப் பாக்கது மூணு மாசம் கழிச்சு. கண்டம் தாண்டி வந்த புள்ளையத்தான் மதினி நாம பாத்துட்டு இருந்திருக்கோம்."

கீழ பக்கத்து வீட்டு ரேடியோவுல முருகன் பாட்டு ஓடிட்டு இருந்துது. 

"இப்ப என்ன செய்யப் போற?"

"நான் தொடமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். ரெஜிஸ்டர் உங்க பொறுப்பு. நீங்க சொல்லுததுதான் முறை."

"நானா?"

"சாயங்காலம் ஆறரை ரயில்ல அதீபா திரும்புதா. அதுக்குள்ள நீங்க சொல்லலைன்னா நான் மெயில் போட்டுருவேன்."

"ஒங்க அண்ணன் மொகத்தைப் பாத்தியா இன்னைக்கு? நம்ம பன்னெண்டு பேர்ல இசக்கிமணி புருஷன் இல்லாதவ, ரெண்டு பொம்பளப் புள்ளைய வச்சிருக்கா. அவ சோத்துல மண்ணைப் போடச் சொல்லுதியா என்னைய?"

"பணம் நமக்கு வந்தா இன்னொரு இடத்துக்கு வராது. பட்டியல்ல நமக்கு அடுத்து இருக்கது வேற ஒரு தேசம். பச்சப்புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா அன்னைக்கே மருந்து குடுக்க வேலை. அங்க நெசமாவே பிழைக்குது."

"அந்தப் புள்ளைங்க எனக்கு யாருட்டி?"

கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனாக் கேட்டுட்டேன்.  அவ மடியில ஒரு ரெஜிஸ்டர் மட்டும் தனியா இருந்துது. இலஞ்சி ரெஜிஸ்டர். அதை மூடிக் கீழ வச்சுட்டு, காபியை எடுத்துக் குடிச்சா. அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதுனாலதான் நான் கேக்கல.

எட்டு மணிக்கு அதீபா வந்துட்டா. இருபத்தெட்டு வயசு இருக்கும், முதுகுல ஒரு பை, காலுல ஷூ. வந்ததும் "அக்கா, உங்க குரலைப் போன்லயே கேட்டுக் கேட்டு எனக்குச் சொந்தக்காரங்க மாதிரி ஆயிட்டீங்க"ன்னா. நாலு இட்லி சாப்பிட்டா. லோகாவும் கீழ வந்து சிரிச்சுப் பேசினா. அவ எப்படித்தான் சிரிச்சாளோ.

பத்து மணிக்கு நாங்க குத்தாலம் ரோட்டுல ஒரு ஊருக்குப் போனோம். சீசனு, ரோடு பூரா வேனும் காரும். தலையில துண்டைப் போட்டுக்கிட்டு, உடம்பெல்லாம் எண்ணெயோட ஆம்பளைங்க அருவிக்குப் போயிட்டு இருந்தாங்க. "முடிச்சுட்டு அஞ்சருவிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவோமாம்மா?"ன்னு அவுக கேட்டாக. "வேலை முடியட்டும் சார்"னா அதீபா.

இசக்கிமணி எங்களுக்காகச் சேலைய மடிப்பு வச்சுக் கட்டி, வாசல்லயே நின்னா. அவளுக்கு இன்னைக்குத்தான் தீவாளி. உள்ள போயி அந்த வீட்டுப் புள்ளையத் தூளித் தராசுல போட்டா. நாலு மாசப் புள்ளை, கொழுகொழுன்னு, யாரைப் பாத்தாலும் சிரிக்குது. ஆறு கிலோ நானூறு. சூடு பாத்தா, தொப்புளைப் பாத்தா, பால் எப்படிக் குடிக்குதுன்னு தாய்கிட்ட கேட்டா. நான் சொல்லிக் குடுத்த ஒண்ணை விடல. அதீபா மொகம் பூராச் சிரிப்பு.

"புள்ளை எங்கம்மா பொறந்துது?"ன்னு நான் தாயைக் கேட்டேன். என்னைக்கும் கேக்காத கேள்வி.

"ஆலங்குளத்துலக்கா, எங்க அம்மா வீட்டுல இருந்து. போன மாசந்தான் கொண்டாந்தோம்."

அங்க பிழைச்சதுனால இங்க வந்திருக்கு. இசக்கிமணி வந்து பாக்காட்டாலும் இது இப்படியேதான் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கும். எனக்கு அங்கன நிக்கவே முடியல. வாசலுக்கு வந்துட்டேன்.

லோகா விஷயத்தை இங்கயே சொல்லிருதேன். பின்னால சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஐப்பசியில, ராயகிரியில இருந்து தலைப்பிரசவத்துக்கு அவ எங்க வீட்டுக்குத்தான் வந்தா. அவுக அம்மா இல்ல, அதனால தாய்வீடுன்னா அது என் வீடுதான். ஆம்பளப் புள்ளை. மூணாம் நாள் அவன் சரியாப் பால் குடிக்கல. பால் மறுக்க புள்ளைய ஒரு நிமிஷம்கூட வீட்டுல வைக்கக் கூடாதுன்னு பன்னெண்டு பேருக்குப் பாடம் எடுத்தவ நான். எம்புட்டுப் பெரிய சூப்பர்வைசரு. "அடைமழைக் காத்துக்கு அப்படித்தான் இருக்கும், நாளைக்குக் குடிச்சுருவான்"னு சொன்னேன். நாலாம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். அஞ்சாம் நாள் விடியல்ல போயிட்டான். அதுக்கப்புறம் லோகா ராயகிரிக்குப் போகல. அவங்களும் வந்து கூப்பிடல. இன்னைக்கு வரைக்கும் அவ என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசினதில்ல. பேசியிருந்தா எனக்குக் கொஞ்சம் கனம் குறைஞ்சிருக்கும்.

மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். முன் ரூம்ல இலை போட்டோம். அதீபா கையைத் துடைச்சுக்கிட்டே, "சார், ஒரிஜினல் ரெஜிஸ்டரை ஒரு தடவை பாத்துருதேன். டைப் பண்ணி அனுப்பினதைத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன்"னா.

"தாராளமாப் பாரும்மா. மறைக்கதுக்கு என்ன இருக்கு?"ன்னு அவுகளே மாடிக்குப் போயி ஒரு அடுக்கைத் தூக்கிட்டு வந்து வச்சாக. மேல இருந்தது இலஞ்சி.

அவ பக்கத்தைப் புரட்டினா. கதவு நம்பரைப் பாத்தா. வாசலை எட்டிப் பாத்துட்டுச் சிரிச்சா.

"இது இந்த வீடுல்ல? லோகநாயகி... அக்கா, இது நீங்களா? உங்களுக்குக் குழந்தை இருக்கா? ஒண்ணரை வருஷமா ஒண்ணா வேலை பாக்கோம், சொல்லவே இல்லையே."

லோகா ரசச் சட்டியோட அடுக்களை வாசல்ல நின்னா. 

"அது நம்ம கணக்குல வராதும்மா," அவுக சட்டுன்னு சொன்னாக. "புருஷன் ஊரு ராயகிரி. அதான் வட்டம் போட்டிருக்கு பாரு. அது அந்த ஊர்க் கணக்கு."

அவுக கெட்ட மனுஷன் இல்ல. அந்தப் புள்ளை போனப்ப தோட்டத்துல தென்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதவுக. ஆனா அன்னைக்கு அந்த வார்த்தை அவுக வாயில இருந்து எவ்வளவு லேசா வந்துது. அந்த வட்டத்தைப் போட்டது யாருன்னு நெனைக்கீங்க? நான்தான். பதினாறாம் நாள் தீட்டுக் கழிச்ச மறுநாள், இதே கையால, ஸ்கேல் வச்ச மாதிரி சுத்தமா, சிவப்பு மையில. பக்கத்துல 'புருஷன் ஊர்'னு எழுதினேன். விதிப்படி போட்டேன்.

லோகா என்னைப் பாத்தா. கெஞ்சல, மிரட்டல. சும்மா பாத்தா.

"இருந்தான்மா," நான் சொன்னேன். "அஞ்சு நாள் இருந்தான். இந்த ரூம்லதான்."

அதீபா கை பக்கத்து மேலயே நின்னுது.

"வடிவு," அவுக சொன்னாக.

"அந்த நோட்டுல இருக்க வட்டம் பூரா தாய்வீட்டுக்குப் போனவளுவம்மா. எங்க நோட்டுலயும் இல்ல, அந்த ஊர் நோட்டுலயும் இல்ல. அதுல எட்டுப் புள்ளை போயிருக்கு. எங்களுக்குத் தெரியாது. நாங்க கேக்கல. நீ ஆறுன்னு எழுதியிருக்கியே, அது ஆறு இல்ல."

 இலையில சோறு ஆறிக்கிட்டு இருந்துது. அதீபா ஒரு பக்கமாப் புரட்டினா, அடுத்த நோட்டை எடுத்தா, அதுக்கடுத்ததை எடுத்தா. வெரலு ஒவ்வொரு வட்டத்து மேலயும் போயிட்டு வந்துது. அப்புறம் மெதுவாச் சொன்னா.

"எங்க லாத்தா, எங்க அக்கா, தலைப்பிரசவத்துக்கு எங்க வீட்டுலதான் இருந்தா. ரெண்டு மாசம் அந்தப் புள்ளைய நான்தான் தூக்கிட்டுத் திரிஞ்சேன். ஆறு மாசமா இந்தக் கணக்கைப் பாக்கேன், எனக்கும் தோணலையே."

யாருக்குத் தோணும்? வளைகாப்புக்குப் போகாத வீடு இந்தப் பக்கத்துல உண்டா? தெனமும் கண்ணு முன்னால இருக்கதுதான் கண்ணுல படாது.

லோகா ரசத்தைக் கீழ வச்சுட்டு, மாடியில இருந்து தன் லிஸ்டைக் கொண்டுவந்து அதீபாகிட்ட குடுத்தா, போன் எடுக்காத ஏழு பேரையும் சொன்னா. அவுக ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாக. எல்லாம் புரிஞ்சு முடிய அவுகளுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் அவுக கேட்ட மொதக் கேள்வி, தங்கச்சியப் பாத்து இல்ல, அதீபாவப் பாத்து.

"பதினாலுன்னே வச்சுக்கோம்மா. அப்பவும் பதினாறுக்கு ரெண்டு குறைவுதான்? ரெண்டு புள்ளை பிழைச்சிருக்குல்ல?"

 லோகாதான் சொன்னா.

"என் புள்ளைய இன்னும் எண்ணல அண்ணே."

"அவன் ராயகிரி..."

"ராயகிரியில போயிக் கேளுங்க, இலஞ்சிம்பாங்க. இங்க கேட்டா ராயகிரிங்கீங்க. இன்னைக்கு யாராவது புதுசா சர்வே எடுக்க வந்தா, என்னை எந்த வாசல்ல வந்து கேப்பாங்க? நான் இந்த வீட்டுலதானே இருக்கேன்."

அவுக உக்காந்துட்டாக. "அப்ப பதினஞ்சு," அப்படின்னாக. கொஞ்சம் கழிச்சு, "ஒண்ணு. ஒண்ணாவது இருக்குல்ல,"ன்னு தனக்குத் தானே சொன்னாக. மருந்துக்கடைய விட்டுட்டு வந்த மனுஷன், நாலு வருஷத்தை அந்த ஒத்தைப் புள்ளை மேல தூக்கி வச்சுட்டு உக்காந்திருந்தாக.

"இனிமே தாய்வீட்டுக்கே தேடிப் போயிப் பாக்கோம்," நான் அதீபாவக் கேட்டேன். "ஆலங்குளம்னா ஆலங்குளம், ராயகிரின்னா ராயகிரி. மொத வாரமே போறோம். அப்பவும் தரமாட்டாங்களா?"

"நல்ல யோசனைக்கா. ஆனா அது பலிக்குதான்னு ரெண்டு வருஷமாவது நடத்திக் காட்டணும். அதுவரைக்கும் ஃபவுண்டேஷன்ல குடுக்க மாட்டாங்க. திங்கக்கிழமை நான் இதை அப்படியே எழுதியாகணும்." கண்ணைத் துடைச்சுக்கிட்டே ஒவ்வொரு பக்கமா போன்ல படம் எடுத்தா. வேலையில கெட்டிக்காரி. அவளைக் கோவிச்சுக்க எனக்கு வழியே இல்ல. அதுதான் எனக்கு எரிச்சலா இருந்துது.

அவுக சாப்பிடாம எழுந்தாக. வாசல்ல செருப்பை மாட்டும்போது என்கிட்ட மட்டும் கேக்க மாதிரி சொன்னாக.

"ஒரு வாரம் முந்தி என்கிட்ட சொல்லியிருந்தா நானே வீடு வீடாப் போயிக் கேட்டுத் திருத்தியிருப்பேன். என் சோத்தைத் தின்னுக்கிட்டே எனக்குக் குழி தோண்டியிருக்கா. அவளை அவ புருஷன் ஊருக்குப் போகச் சொல்லு."

"சொன்னது நான்."

"தெரியும்," அப்படின்னுட்டு, குடையில்லாமச் சாரல்ல எறங்கிப் போயிட்டாக.

அஞ்சு மணிக்கு லோகாவே ஆட்டோ வச்சு அதீபாவ ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா. போறதுக்கு முந்தி என் பக்கத்துல வந்து நின்னா. ஏதாவது சொல்லுவான்னு பாத்தேன்.

"அந்தப் பணத்துல அங்க நெறையப் புள்ளைங்க பிழைக்கும் மதினி."

"நல்லாயிருக்கட்டும்."

வேற என்ன சொல்ல? மனசார நல்லாயிருக்கட்டும்னுதான் சொன்னேன். அதனால என் வயித்து எரிச்சல் ஒண்ணும் அடங்கல. இசக்கிமணி நாலு தடவை போன் அடிச்சா, "அக்கா, எப்படி, பாஸா?"ன்னு கேக்க. நான் எடுக்கல.

அவுக ஆறு மணிக்குத் தொப்பலா நனைஞ்சு வந்து மாடிப்படியில உக்காந்தாக. துண்டை நீட்டுனேன், வாங்கல.

"ஏழு பேரு போனை எடுக்கலைன்னாளே, அதுல யாரு யாரு?"

லோகா லிஸ்டோட நகல் மாடிக் கதவுல ஒட்டியிருந்துது. அவுக எதுக்குக் கேக்காகன்னு எனக்குத் தெரியும். ஏழும் நல்லாயிருந்தா அந்த ஒண்ணு மிஞ்சும். ஒருத்தி வீட்டுல இல்லாமப் போச்சுன்னா அதுவும் இல்ல. ரெண்டே ஒரு கணக்கு இல்லைன்னு லோகா காலையிலயே சொல்லிட்டா. அதை இவுககிட்ட எந்த வாயால சொல்ல?

அப்பதான் மேல போன் அடிச்சுது. லோகா அந்த எழுபது பேருக்கும் போட்டுப் பேசுன டிரஸ்ட் போன். சார்ஜுல கெடந்துது. ஓடிப்போயி எடுத்தேன்.

"இந்த நம்பர்ல இருந்து அஞ்சாறு தடவை கூப்பிட்டிருந்தீங்க. யாருங்க?" சின்ன வயசுக் குரலு. பின்னால டிவி சத்தமா ஓடிட்டு இருந்துது.

"இலஞ்சி டிரஸ்ட்ல இருந்தும்மா. ஒன் பேரு?"

"மீனா. மேலகரத்துல இருந்தோம், இப்ப திருப்பூர்ல இருக்கோம்."

லிஸ்டுல மூணாவது பேரு. நான் பேனாவ எடுத்தேன். படியில இருந்து அவுக எழுந்திரிச்சு, ரூம் வாசல்ல வந்து நிலையைப் பிடிச்சுக்கிட்டு என் மொகத்தையே பாத்தாக. நானும் காதைப் போனோட அழுத்தி வச்சுக் கேட்டேன். டிவியைத் தவிர அந்த வீட்டுல வேற சத்தம் ஒண்ணும் கேக்கல.

நாலு வருஷமா நோட்டைத் தூக்கிட்டு அலைஞ்சேன். இந்தக் கேள்விய ஒருத்திகிட்டயும் கேட்டதில்ல.

"புள்ளை நல்லாயிருக்காம்மா?"

அந்தப் பக்கம் டிவிய நிறுத்திட்டாங்க.